சவரக் கண்ணாடிக்குத் தெரியாத உடம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களின் அன்றாட உடல் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. மயிர் வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும், மழுங்கிய பிளேடை வைத்துக்கொண்டு அழுத்தக் கூடாது என்று சவரத்தைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் சரி. ஆனால் முகம் கழுவும் திரவம், தாடி எண்ணெய், கண்ணுக்குக் கீழே தடவும் களிம்பு என்று கட்டுரை கழுத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதுதான் என் வருத்தம்.

என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் வழவழவென்று மழித்துக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு வேலைக்குக் கிளம்புகிறவர். சென்ற ஆண்டு ஒரு மாலை அவர் வீடு திரும்பி ஷூவைக் கழற்றியபோது, காலுறையின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக ஊறியிருந்ததை அண்ணிதான் பார்த்தார். ஷூவைக் கவிழ்த்தால் சுண்டுவிரல் நகத்தளவு கல் ஒன்று விழுந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார்! "வலிக்கவே இல்லையா?" என்று அண்ணி பதறினார். "கால் மரத்துப்போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழக்கும். இரத்த ஓட்டமும் குறையும். புண் வந்ததும் தெரியாது, வந்த புண் எளிதில் ஆறவும் ஆறாது. அண்ணனுக்கு ஆற நான்கு மாதங்கள் பிடித்தன. கட்டுப் போட்ட மருத்துவர், "உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்றிருந்த என்னைக் கேட்டிருந்தாலும் இதே கதைதான். எனக்குச் சர்க்கரை இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அன்று முதல் இரவு படுக்கும்முன் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உலர்த்துகிறேன். நாள் முழுக்க ஷூவுக்குள் புழுங்கும் காலில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தோல் வெளுத்து ஊறி உரியும், அரிப்பு உயிரை வாங்கும். குதிகால் வெடிப்புக்குக் களிம்பு தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரங்களை வளைத்து வெட்டினால் அது சதைக்குள் குத்திக்கொண்டு வளரும். பிறகு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

பிடரியும் காதின் பின்புறமும் நம் கண்ணுக்குத் தெரியாதவை. வெயில் தடுப்புக் களிம்பை முகத்துக்குப் பூசுகிறவர்கள்கூட இவற்றை விட்டுவிடுகிறார்கள். மயிர் உதிர்ந்த உச்சந்தலைக்கும் அது வேண்டும். வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையாததை வாங்கி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். ஒரு மச்சம் பெரிதானாலோ, நிறம் மாறினாலோ தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எனக்கு முடிவெட்டுபவரிடம், "பின்னால் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்" என்று கேட்டு வைத்திருக்கிறேன். அவரும் மறக்காமல் பார்க்கிறார்.

இன்னொன்றை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். விதைப்பையில் வலியில்லாத கட்டியோ வீக்கமோ தென்பட்டால் இளைஞர்கள் வெட்கப்பட்டு நாளைக் கடத்தக் கூடாது. விதைப் புற்றுநோய் இருபது, முப்பது வயதுகளில்தான் அதிகம் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகக்கூடியது அது. யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைப்பதால்தான் முற்றிப்போகிறது.

சிறுவயதில் அம்மா காதுக்குப் பின்னால் தேய்த்துவிட்டார். பிறகு அந்தக் கவனிப்பை மனைவியிடம் விட்டுவிட்டோம். அண்ணன் வீட்டில் அன்று அண்ணி இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் காலுறை அழுக்குக் கூடைக்குப் போயிருக்கும். மறுநாள் காலை அதே ஷூவுக்குள் அதே கால் போயிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தனியாக வாழும் ஆண்களுக்கு இதைப் பார்த்துச் சொல்லவும் ஆளில்லை.

ஆகவே, அடுத்த கட்டுரையைப் பாதத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்; அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஏறும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அண்ணன் இப்போது ஷூவை அணியும்முன் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுகிறார். பிறகு உள்ளே கையை விட்டு நுனிவரை துழாவுகிறார். அண்ணி வீட்டில் இல்லாத நாட்களிலும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்