சுவரில் ஒரு படித்துறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. கோலாலம்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. மூன்று மாதம் கண்விழித்து எழுதிய அறிக்கையைக் குடியிருப்பாளர் கூட்டத்தில் வாசித்தாய், யாரும் தலை நிமிரவில்லை. ஆற்றோரம் இடம் விட வேண்டும், கார் நிறுத்துமிடத்தைக் குறைக்க வேண்டும் என்று நீ சொல்லச் சொல்ல, ‘விட வேண்டும், குறைக்க வேண்டும்’ என்பது மட்டும்தான் அவர்கள் காதில் ஏறியிருக்கிறது. படம் வரைந்து காட்டலாமே என்றேன். “அதெல்லாம் அலங்காரம்பா, கடைசியில் பார்த்துக்கலாம்” என்றாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2017 நவம்பரில் ஒரே ராத்திரி மழையில் பினாங்கு மூழ்கியது உனக்கு நினைவிருக்கும். மறு வருஷம் நம் பிளாட் சங்கத்தினர் கீழ்த்தளச் சுவரைக் காட்டி, பிள்ளைகளை வைத்து ஏதாவது வரையுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நாற்பது வருஷம் சைன்போர்டு எழுதிய கை, சும்மா இருக்குமா? ‘இன்னும் இருபது வருஷத்தில் நம் இடம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். பாதிப் பிள்ளைகள் பறக்கும் கார் வரைந்தார்கள். அவர்கள் பார்த்த எதிர்காலம் அதுதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பத்து வயசுப் பெண் ஒருத்தி மட்டும் சுங்கை பினாங்கை வரைந்தாள். என்னிடம் நீலச் சாயம் கேட்டாள். அந்த ஆற்றைக் கறுப்பாகவே பார்த்துப் பழகிய எனக்குக் கை ஒரு நிமிஷம் கறுப்பு டின்னுக்குப் போய், அப்புறம்தான் நீலத்துக்கு வந்தது. நம் பிளாட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் படி இறக்கினாள். கடைசிப் படியில் ஒரு பாட்டி கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பசாருக்குப் போய்விட்டு வந்த மூன்றாம் மாடிப் பாட்டி, கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். “இது எங்க படித்துறைல்ல?” என்றார். அவர் மாமனார் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் ‘டோபி காட்’ என்ற சலவைத்துறையில் துணி வெளுத்தவர். அந்த ஆறுதான் கீழே வந்து சுங்கை பினாங்காகிறது. எந்தக் கல்லில் யார் துவைப்பார்கள், எந்த மாதத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று விரல் நீட்டி நீட்டிச் சொன்னார். பிள்ளைகள் தூரிகையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்னப் பெண் வரைந்தது வரப்போகிற காலம். பாட்டிக்கு அது வாழ்ந்து முடித்த காலம். இரண்டும் ஒரே சுவரில் இருந்தன.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நிஜமாகவே படி கட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டார். நாற்றத்தில் யார் உட்காருவது என்றார் இன்னொருவர். நாற்றம் எங்கிருந்து வருகிறது? நம் காப்பிக்கடைச் சாக்கடை எங்கே போய் விழுகிறது? அன்று சாயங்காலமே நாலு பேர் டார்ச் விளக்கோடு கால்வாய் ஓரமாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆறு இன்னும் சுத்தமாகவில்லை, படியும் வரவில்லை. ஆனால் ஆற்றைப் பற்றி வெள்ளம் வந்தால் மட்டும் பேசிய வாய்கள் அன்று வேறு மாதிரிப் பேசின. எந்த அறிக்கையைக் கேட்டும் அவர்கள் டார்ச் எடுத்து நான் பார்த்ததில்லை.

பிளாஸ்டிக் பை விஷயமும் அப்படித்தான். 2009 இல் திங்கட்கிழமைகளில் பை இலவசமில்லை என்று இங்கே ஆரம்பித்தார்கள். 2011 இல் அதைத் தினமும் ஆக்கி, ஒரு பைக்கு இருபது சென் வாங்கினார்கள். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் உன் பாட்டி பிரம்புக்கூடையோடு பசாருக்குப் போனது நம் எல்லார் கண்ணிலும் இருந்ததால், துணிப்பை எடுத்துப் போவது புதுசாகத் தெரியவில்லை. மனசில் ஏற்கெனவே படம் இருந்தால் பழக்கம் மாறுவது லேசு. இல்லாத படத்தை யாராவது வரைந்துதான் ஆக வேண்டும், பாப்பா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012 இல் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த இரண்டு பிள்ளைகளை உனக்குத் தெரியும். நிஜமான பழைய சைக்கிளைச் சுவரோடு சேர்த்து வைத்து வரைந்தது. காரை உதிர்ந்த சுவரையும் துருப்பிடித்த சைக்கிளையும் அப்படியே ஏற்றுக்கொண்டு அழகாக்கிய கை அது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் படம் பார்க்க ஊர் ஊராக ஆள் வந்த அந்த வட்டாரத்திலேயே, வாடகை ஏறி, பல வருஷம் குடியிருந்தவர்கள் கிளம்பிப் போனதையும் பார்த்தேன். படம் மட்டும் காரணமில்லை, 2000 இல் வாடகைக் கட்டுப்பாடு போனதிலிருந்தே அது ஆரம்பித்துவிட்டது. இருந்தாலும், அங்கேயே இருக்கப் போகிறவர்கள் கையில் தூரிகை இருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அதனால் பெரிய ஓவியரைத் தேடாதே. அந்தக் குடியிருப்பிலேயே பத்து வயசுப் பிள்ளைகளைக் கேள். பாட்டிகளையும் கூப்பிடு.

பேனருக்குச் சொல்லிவிடாதே. அது ஒரு வாரம் தொங்கும், அப்புறம் எந்தக் காலத்திலும் மக்காது. நான் எழுதிய தகரப் பலகைகளைச் சுரண்டிச் சுரண்டி நாலு கடைக்காரர்கள் மாற்றி எழுதிக்கொண்டார்கள். தகரமோ சுவரோ போதும்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை எது என்று சொல். பட்டர்வொர்த்திலிருந்து காலை ரயிலில் வந்துவிடுகிறேன். சுவருக்கு அனுமதி மட்டும் நீ கேட்டு வை. தூரிகைகளைக் கழுவிக் காய வைத்துவிட்டேன், நீலச் சாயம் இரண்டு டின் புதுசாக வாங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா