மூன்று மேகங்கள்

அன்பு மகளுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். போன ஞாயிறு போனில், "அப்பா, நிஜமாவே எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாய். நல்லாயிருக்கேன் தாயி என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியான பதில் இந்தக் கவரில் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் மூன்று படம், மூன்றும் மேகம். இதுக்கா கூரியர் செலவு என்று சிரிக்காதே.

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டது. சாயங்காலமானால் மொட்டை மாடியில் ஏறி, ஆரியங்காவுப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடுகிறேன். இத்தனை வருஷம் ஸ்டுடியோ நடத்தி, ஆள் இல்லாத படம் ஒன்றுகூட எடுத்ததில்லை. யார் காசு கொடுப்பார்கள்? அம்மா போன பிறகுதான் பழைய யாஷிகா கேமராவைத் துடைத்து எடுத்தேன்.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்று ஒரு போட்டோகிராபர். எதிரே உட்காருகிறவர்களை வசியம் பண்ணித்தான் அப்படிப் படம் எடுக்கிறார் என்று ஓர் எழுத்தாளர் எழுதிவிட்டார். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேகத்தை யார் வசியம் பண்ண முடியும்? 1922-இல் லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் கேமராவை வானத்துக்குத் திருப்பினார். அவருடைய அம்மா சாகக் கிடந்த வருஷம் அது. அதிலிருந்து இருநூறுக்கும் மேல் எடுத்தார். பல படங்களில் மரமோ மலையோ கிடையாது. 'ஈக்விவலன்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். மனசில் கிடப்பதற்கு ஈடு. அடகுக் கடை வாசனை அடித்தாலும் எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது.

நான் முதலில் போனில் கலரில்தான் எடுத்துப் பார்த்தேன். காலண்டர் மாதிரி இருந்தது. அப்புறம்தான் பிலிம் போட்டு, சிவப்பு பில்டர் மாட்டினேன். அது நீலத்தை உள்ளே விடாது. வானம் கறுத்து, மேகம் மட்டும் வெளுத்து நிற்கும். முழுக்க மூடிய வானத்தில் அந்த வித்தை பலிக்காது, எல்லாம் ஒரே சாம்பல்தான். முதல் படம் அப்படி ஒரு நாளில் எடுத்தது. அப்பாவுக்குக் கை போய்விட்டது என்று நினைக்காதே, அந்த மாசமே அப்படித்தான் இருந்தது. (பிலிமில் படத்தை வரவழைக்கிற டெவலப்பருக்கு முன்னால், கடைசியில் ஊற்ற வேண்டிய ஹைப்போவை ஊற்றி ஒரு கல்யாண ரோலையே வெறும் கண்ணாடியாக்கினவள் நீ. குறை சொல்ல உனக்கு உரிமை இல்லை.)

இரண்டாவதில் கரி மாதிரி வானம், கிழிந்த துணியாக ஒரே மேகம். கோபம்தான். யார் மேல் என்று கேட்காதே.

மூன்றாவதை மட்டும் சுவரில் மாட்டு. மழையையெல்லாம் தென்மலைப் பக்கம் கொட்டிவிட்டு, லேசாகி மலையைத் தாண்டி வந்த மேகம். உன் அம்மா அழுகையை அடுப்படியிலேயே முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு திண்ணைக்கு வருவாளே, அந்த வெளிச்சம் அதில் இருக்கிறது.

உன் ஊர் வானத்தையும் ஒன்று எடுத்து அனுப்பு. நீயும் போனில் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்கிறாய்.

அன்புடன்,
அப்பா