திரைக்கு இரண்டு எண்கள் உண்டு, அவற்றையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லேப்டாப் விளம்பரங்களிலும் 'எதை வாங்கலாம்' வகைக் கட்டுரைகளிலும் பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி பற்றியெல்லாம் விலாவாரியாக எழுதுகிறார்கள். திரைக்கு மட்டும் '15.6 இன்ச் எச்டி டிஸ்பிளே' என்று ஒரே வரி. அகலத்தில் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி), உயரத்தில் எத்தனை என்ற இரண்டு எண்கள் அதில் இல்லை. ரெசல்யூஷன் என்பது அந்த இரண்டு எண்கள்தான். ரேமும் எஸ்எஸ்டியும் பல லேப்டாப்களில் பின்னால் கூட்டிக்கொள்ளக் கூடியவை. திரை அப்படி இல்லை. வேறு பேனல் (படம் காட்டும் திரைப் பலகை) போட வேண்டுமென்றால் கனெக்டரில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கை, கேபிள், பொருத்தும் துளைகள் எல்லாமே ஒத்துவர வேண்டும். செலவும் சும்மா விடாது. எனவே விளம்பரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஒற்றை வரியைத்தான்.

லேப்டாப் திரைகளில் வெறும் 'எச்டி' என்றால் பெரும்பாலும் 1366×768. 'எச்டி பிளஸ்' 1600×900. 'ஃபுல் எச்டி' 1920×1080. முதலாவதில் சுமார் 10.5 லட்சம் பிக்சல்கள், கடைசியில் 20.7 லட்சம். விளம்பரத்தில் வெறும் 'எச்டி' என்று மட்டும் இருந்தால் ஏறக்குறைய பாதி பிக்சல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். '4கே (3840×2160) சப்போர்ட்' என்ற வரியும் ஏமாற்றும். வெளியே ஒரு மானிட்டரை இணைத்தால் கிராபிக்ஸ் சிப் அவ்வளவு அனுப்பும் என்பதுதான் அநேகமாக அதற்குப் பொருள். லேப்டாப்பின் சொந்தத் திரையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று: ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைப் பேனல்கள் விற்பனைக்கு வருவது சகஜம். பெட்டியிலோ அடிப்பக்க ஸ்டிக்கரிலோ உள்ள முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்துவரை தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கையில் வந்த லேப்டாப்பைச் சோதிப்பது எளிது. விண்டோஸில் டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்பிளே செட்டிங்ஸுக்குப் போங்கள். டிஸ்பிளே ரெசல்யூஷன் பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்று குறித்திருப்பதே பொதுவாகத் திரையின் இயல்பான அளவு. பேனலே தன் விவரத்தைக் கணினிக்குச் சொல்வதால் அது தெரிகிறது. பட்டியல் மங்கலாகி, மாற்ற முடியாமல் இருந்தால் உடனே திரையைக் குறை சொல்ல வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏறவில்லை. அதை நிறுவிய பிறகு சரியான எண் வரும்.

சிஸ்டம் இன்ஃபர்மேஷன் காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அது இப்போது வைத்திருக்கும் அமைப்பைச் சொல்கிறதே தவிர, திரையின் உண்மையான அளவை அல்ல. சில கிராபிக்ஸ் மென்பொருள்களில் ஒரு வசதியை இயக்கினால் பேனலில் இல்லாத பெரிய எண்களும் பட்டியலில் சேரும் என்பதால், இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுப்பதும் தவறாகலாம். அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என இரு வரிகள் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இல்லையென்றால், படம் இழுத்தோ சுருக்கியோ காட்டப்படுகிறது. மேக்கில் செட்டிங்ஸில் தெரிவது பெரும்பாலும் மாற்றியமைத்த அளவு. சிஸ்டம் ரிப்போர்ட்டில் உள்ளதே பேனலின் அளவு.

கண்ணாலும் சோதிக்கலாம். விற்பனையாளர் ஓடவிடும் பளபளப்பான வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, 9 அல்லது 10 பாயிண்டில் தமிழ் எழுத்தைத் திறந்து பாருங்கள். ஞ், ண், ழு போன்றவை போதும். புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டாலோ, ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டாலோ, பிக்சல் போதவில்லை அல்லது ரெசல்யூஷன் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தில் இந்தக் குறை இவ்வளவு சீக்கிரம் வெளிப்படாது.

அடுத்து, எவ்வளவு போதும் என்ற கேள்வி. அகல பிக்சலையும் உயர பிக்சலையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் மூலைவிட்ட இன்ச்சால் வகுத்தால் ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்பது கிடைக்கும். 15.6 இன்ச்சில் 1366×768 என்றால் சுமார் 100. அதே திரையில் ஃபுல் எச்டி 141, 4கே 282. 14 இன்ச்சில் ஃபுல் எச்டி 157. 55 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்க்கும் சராசரிக் கண்ணுக்கு 160 வாக்கில் தனித்தனிப் பிக்சல் மறையத் தொடங்கிவிடும். அதற்கு மேல் எழுத்தின் வளைவுகள் இன்னும் மென்மையாகும், ஆனால் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். 100-ல் நாள் முழுக்கப் படிக்கும் வேலை செய்வது கண்ணுக்குக் கஷ்டம்.

பிக்சல் கூடினால் திரையில் இடமும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு. 15.6 இன்ச் ஃபுல் எச்டியை 125 சதவீத ஸ்கேலில் (எழுத்தையும் ஐகான்களையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) வைத்தால் வேலை செய்யக் கிடைக்கும் இடம் 1536×864. அதே அளவு 4கே திரையில் எழுத்து படிக்கிற மாதிரி இருக்க 250 சதவீதம் வைத்தால், அங்கும் 1536×864 தான். கூடுதலாகக் கிடைப்பது கூர்மை. கொடுப்பது பேட்டரி நேரம், நான்கு மடங்கு பிக்சலை ஓட்டும் கிராபிக்ஸ் சிரமம். புகைப்பட வேலைக்காரர்களுக்கு அது தகும். எழுதுபவர்களுக்கும் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் 1920×1200 திரையே நல்லது. ஃபுல் எச்டியைவிட உயரத்தில் 120 பிக்சல் கூடுதல். 125 சதவீத ஸ்கேலில் எக்செல் தாளில் ஏறக்குறைய ஐந்து வரிகள் அதிகம் தெரியும்.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 1920-ஐ 1366 ஆக்கினால் ஒரு பிக்சல் கோடு 1.4 பிக்சலில் உட்கார வேண்டும். அப்படி முடியாததால் பக்கத்துப் பிக்சலிலும் சாம்பல் நிறம் கசியும், எழுத்தெல்லாம் மங்கும். ரெசல்யூஷனைத் தொடாமல் ஸ்கேலை 125 அல்லது 150 ஆக்குங்கள். பழைய மென்பொருள் ஏதாவது அப்போது மங்கினால், அந்த நிரலின் ப்ராப்பர்ட்டீஸில் காம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' மூலம் சரிசெய்யலாம். புரொஜெக்டரை இணைத்ததும் லேப்டாப் திரையே மங்கினால், இரண்டிலும் ஒரே படம் ஓடுவதே காரணம். விண்டோஸ் விசையோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுத்தால் பழைய நிலைக்கு வரும்.

தங்கள் நாளிதழில் லேப்டாப் பற்றி எழுதும்போது அகலம், உயரம் என இந்த இரு எண்களையும், பேனல் ஐபிஎஸ்ஸா (பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) இல்லையா என்பதையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விளம்பரதாரர்களிடமும் இதே விவரத்தைக் கேட்டு வாங்கலாம். லேப்டாப்பைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், முடிந்தால் பெட்டியைப் பிரித்த அன்றே, வாங்குவோர் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்