நான்கு படி ஏற முடியாத பிள்ளைக்கும் இதுதான் பள்ளி: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்காக உங்களிடம் நன்கொடை கேட்டு எழுதுகிறோம். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்குள்தான் படிக்கிறார்கள். ஊர்த்தெரு, காலனி, ஏரிக்கரை இருளர் குடியிருப்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேர்க்கைக்கு வந்த யாரையும் இந்தப் பள்ளி திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் காலை மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்களைப் போல நிம்மதியாக இருக்க முடிகிறதா என்றால், இல்லை. அதைச் சரிசெய்யத்தான் பணம் கேட்கிறோம்.

முதலில் படிக்கட்டு. 2015 நவம்பர் மழையில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் வெள்ளம் வந்து என்ன செய்துவிட்டுப் போனது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்குக் கட்டிய வகுப்பறைக் கட்டடத்தின் அடித்தளத்தைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தினார்கள். நல்ல முடிவுதான், எந்த மழையிலும் வகுப்புக்குள் தண்ணீர் வரவில்லை. கூடவே நான்கு படிகள் வந்தன.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை படிக்கிறாள். மூளை முடக்குவாதத்தால் கால்கள் ஒத்துழைக்காது. கணக்கில் கெட்டிக்காரி. முகாமில் கொடுத்த சக்கர நாற்காலியில் அண்ணன் அவளைப் பள்ளி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிடுவான். படிக்கட்டில் நாற்காலி நின்றுவிடும். அங்கிருந்து ஆசிரியையோ சத்துணவு அக்காவோ தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். தூக்கும்போதெல்லாம் அவள் பாவாடையை முழங்காலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். எட்டு வயதிலேயே அந்தக் கூச்சம் வந்துவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு வருடம் போனால் தூக்கவும் முடியாது, தூக்க விடவும் மாட்டாள்.

சாய்தளமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எட்டடி நீளம். பதிவேட்டில் ‘சாய்தளம் உண்டு’ என்று குறிக்க அது போதும், நாற்காலி ஏற்ற அது போதாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது இதற்கென்று வகுத்த அளவு. எங்கள் இரண்டடிக்கு 24 அடி வேண்டும், நடுவில் நிற்க ஒரு சமதளம் தனி. இப்போதிருக்கும் சரிவில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. மழை நாளில் பெரியவர்களே வழுக்குகிறார்கள். ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து புதிய வரைபடம் கொடுத்திருக்கிறார். சொரசொரப்பான தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, அதுவும் பெரியவர் கைக்கு ஒன்று, பிள்ளைகள் கைக்கு ஒன்று என்று இரண்டு உயரத்தில்.

படிக்கட்டைவிட எங்களுக்கு அவசரமாகத் தெரிவது கழிப்பறை. அந்தப் பிள்ளை பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. காலை உணவில் உப்புமா சாப்பிட்டாலும், மதியம் முட்டையோடு சோறு சாப்பிட்டாலும் டம்ளரைத் தொடுவதில்லை. கேட்டால் “தாகமே இல்ல மிஸ்” என்கிறாள். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் அம்மா வர வேண்டும். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார், கிலோக் கணக்கில் கூலி. பள்ளியிலிருந்து ஆள் போனால் பாதியில் எழுந்து, கையில் சாம்பலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஓடி வருவார். கொட்டைப் பால் பட்டால் பிள்ளையின் தோல் வெந்துவிடும் என்ற பயம் அவருக்கு. அன்றைய கூலியில் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். அம்மாவின் கூலி போகக்கூடாது என்று பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். இது தெரிந்த பிறகு எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் யாராலும் வேறு வேலையை முதலில் எடுக்கலாம் என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே ஒரு கழிப்பறை. சக்கர நாற்காலி நுழைகிற அகலக் கதவு, உள்ளே நாற்காலியைத் திருப்ப இடம், உட்காரும் வகைக் கோப்பை, பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே பிள்ளை கதவோரமாக விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க அதுதான் வழி. பக்கத்திலேயே பெண் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பறை, மூடி போட்ட குப்பைத்தொட்டி, தண்ணீர்க் குழாய். இப்போதெல்லாம் ஐந்தாம் வகுப்பிலேயே சிலர் வயதுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கு வராமல் இருக்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளியிலும் உண்டு.

இதையெல்லாம் அரசுதானே செய்ய வேண்டும்? சரியான கேள்வி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பள்ளிக் கட்டடமும் வளாகமும் எல்லாப் பிள்ளைகளும் புழங்கும்படி இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம், கொடுத்துக்கொண்டும் இருப்போம். நன்கொடை வாங்கிவிட்டோம் என்று அந்தக் கோரிக்கையைக் கைவிட மாட்டோம். ஆனால் எங்கள் அளவுள்ள பள்ளிக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மானியம் ரூ.25,000. சாக்பீஸ், துடைப்பம், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் மிச்சமிருப்பதும் இரண்டு வருடம்தான்.

அடுத்தது சூளைக்குப் போய்வரும் பிள்ளைகள். ஏரிக்கரை இருளர் குடும்பங்கள் பலவும் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடும். மழை தொடங்கும் நேரத்தில்தான் திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் பள்ளி கிடையாது. அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பிள்ளைகள் வருடக்கணக்கில் அரும்பிலேயே நிற்கிறார்கள். தம்பி தங்கைகள் வந்து தாண்டிப் போகிறார்கள். கொஞ்ச நாளில் கடைசிச் சுவரோரம் தனியாக உட்காரப் பழகிவிடுகிறார்கள். ‘அவங்களாவே போய் உட்கார்ந்துக்கிறாங்க’ என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை தானாகச் சுவரோரம் போவதில்லை. போகும்படி யாரோ ஒரு பார்வை பார்த்திருக்கிறார்கள், ஒரு சொல் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் திரும்பி வரும் பருவத்தில் மாலை நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்க, அதே குடியிருப்பில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணுக்கு மாத மதிப்பூதியம் கொடுக்க நினைக்கிறோம். தங்கள் பேச்சில் பேசும் அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். இதை விடுமுறை நாட்களில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம். கூடவே, சுற்றி உட்கார்ந்து படிக்க வட்ட மேசைகள். வட்டத்தில் கடைசி வரிசை இல்லை. யார் யாருடன் உட்காருவது என்பதை வாரம் ஒருமுறை ஆசிரியர்கள் மாற்றுவார்கள்.

காது கேட்கும் கருவி வைத்திருக்கும் ஒரு பையனுக்கு பேட்டரி, கண்ணாடி உடைந்தால் மாற்றித் தர ஒரு தொகை என்று சின்னச் செலவுகளும் உண்டு. அந்த பேட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் வரும். தீர்ந்துபோனால் பையன் வகுப்பில் இருந்தும் இல்லாத கணக்குதான்.

சரி, மொத்தம் எவ்வளவு? சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் ரூ.1,30,000. கழிப்பறை, தடுப்பறை, தண்ணீர்த் தொட்டி சேர்த்து ரூ.2,10,000. மேசைகளுக்கும் பச்சைப் பலகைக்கும் ரூ.60,000. மாலை வகுப்பு மதிப்பூதியம் ஒரு வருடத்துக்கு ரூ.50,000. பேட்டரி, கண்ணாடி வகைக்கு ரூ.20,000. ஆக ரூ.4,70,000. ஊருக்குள் திரட்டியதில் ரூ.1,10,000 கணக்கில் இருக்கிறது. கொட்டை உடைக்கும் பெண்கள் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்ததும் இதில் சேர்ந்திருக்கிறது. மீதி ரூ.3,60,000க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கொடுப்பவர் மனம் நோகலாம் என்றாலும் இவற்றில் குழு ஒரே முடிவாக இருக்கிறது. ‘எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வரும் பணத்தை வாங்க மாட்டோம். நன்கொடையாளர் பலகையில் பெயரும் ஊரும் மட்டுமே இருக்கும், சாதிப் பட்டம் இருக்காது. குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் மேடைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, துணியோ நோட்டோ கையில் கொடுத்துப் படம் எடுக்க இடம் தர மாட்டோம். இந்த வேண்டுகோளிலும் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் இல்லை. உங்கள் பரிதாபத்தைக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உரியதைக் கட்டிக்கொடுக்கத் துணை கேட்கிறோம்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனையும் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியதை மறக்க முடியவில்லை. அதையொட்டி அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சாதியைக் காட்டும் கயிறு கூடாது என்று அது சொன்னது. மேல்நிலைப் பள்ளியில் கயிறு கட்டும் பையனும் ஒரு நாள் ஒன்றாம் வகுப்பில் யாருடனோ சேர்ந்து மணலில் விளையாடியவன்தான். அந்த வயதில் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிகளுடையது.

பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கணக்கு எண்ணை வாட்ஸாப்பில் சுற்றுக்கு விடவில்லை. வழியில் யாராவது எண்ணை மாற்றிவிட்டால் உங்கள் பணம் போய்விடும். பள்ளிக்கு நேரில் வந்தோ, உங்களுக்கு முகம் தெரிந்த குழு உறுப்பினரிடம் கேட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், இந்தியக் குடியுரிமையில் இருந்தால், இங்குள்ள தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் சட்டப்படி நாங்கள் நேரடியாகப் பணம் பெற முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம், ஊருக்கு வரும்போது பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள்.

பொருளாகவும் தரலாம். சிமென்ட், எம்-சாண்ட், செங்கல், கைப்பிடிக் குழாய் எல்லாம் தேவைப்படும். கொத்தனார், பிளம்பர் வேலை தெரிந்தவர்கள் இரண்டு நாள் கூலி வாங்காமல் வந்தாலும் அதை நன்கொடைக் கணக்கில்தான் எழுதுவோம்.

வேலையை மே மாத விடுமுறையில் முடித்தாக வேண்டும். பிள்ளைகள் இருக்கும்போது பள்ளம் தோண்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கான்கிரீட் போட முடியாது. அதனால் சித்திரை பிறப்பதற்குள் தொகை கைக்கு வந்தால் நல்லது. வரவு செலவை மாதாமாதம் குழுக் கூட்டத்தில் வாசித்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பில்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பள்ளி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர், முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பொதுமக்கள்