இருட்டு மூலைக்குச் செடி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகப் பராமரிப்பு தேவைப்படாத செடிகளைக் கொண்டு வீட்டின் உட்புறத்தை அழகுபடுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், ஸீஸீ பிளான்ட் ஆகிய மூன்றும் நல்ல தேர்வுகளே. ஆனால் அவற்றை ஜன்னல் இல்லாத நடையிலும் சோபாவுக்குப் பின்னால் இருண்டு கிடக்கும் மூலையிலும் வைக்கலாம் என்று எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. குறைந்த வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும் செடி வேறு, வெளிச்சமே வேண்டாத செடி வேறு. இரண்டாவது வகை எந்த நர்சரியிலும் கிடைக்காது.

மங்கலான வெளிச்சத்துக்கு நம் கண் விரைவில் பழகிவிடுவதால், ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் மூலையும் நமக்குப் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகவே படுகிறது. ஆனால் ஜன்னலோரத்தில் கிடைப்பதில் மிகச் சிறிய பங்குதான் அங்கே செடிக்குக் கிடைக்கிறது. அப்படி வைத்த ஸீஸீ பிளான்ட் உடனே பட்டுப்போவதில்லை. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போலத் திரண்டிருக்கும் தண்டில் சேமித்த நீரையும் சத்தையும் செலவழித்தபடி, ஒரு புதுத் துளிர்கூட விடாமல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். மணி பிளான்ட் ஓரளவு வெளிப்படையானது. கணுக்களுக்கு இடையிலான தூரம் நீண்டு, புது இலைகள் சிறுத்து, அவற்றின் மஞ்சள் தீற்றல்கள் மறைந்து வெறும் பச்சையாகிவிடும்.

'வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதும்' என்ற அறிவுரையும் சரியன்று. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி உறிஞ்சும் நீரும் குறைவு என்பதால், நாள் கணக்குப் பார்க்காமல் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்தே ஊற்ற வேண்டும். ஸ்நேக் பிளான்டுக்கு மண் முழுவதும் காய்ந்த பிறகு ஊற்றினாலும் தாமதமில்லை. படத்தில் அழகாகத் தெரிந்த பீங்கான் தொட்டிகள் பலவற்றுக்கு அடியில் துளை இருப்பதில்லை. அவற்றில் தேங்கும் நீர் மண்ணின் காற்றிடைவெளிகளை அடைத்துக்கொள்ள, வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. இலை வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லையோ என்று மேலும் ஊற்றுகிறோம். துளையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியிலேயே செடியை வளர்த்து, அதை அப்படியே பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்தால் தேங்கியதைக் கொட்டிவிடலாம்.

இச்செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்திகரிக்கும் என்பதற்குக் கட்டுரை சான்றாகக் காட்டிய நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வு, காற்றுப் புகாத சிறிய அடைப்புப் பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. காற்று வந்துபோகும் வீட்டில் நாலைந்து தொட்டிகளால் அந்தப் பலன் கிடைக்காது. அழகுக்காக வளர்க்கிறோம் என்று சொல்வதில் என்ன குறை?

கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மணி பிளான்டின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், அதைக் கடிக்கும் குழந்தைக்கோ பூனைக்கோ வாயில் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். அத்தகைய வீடுகளில் அதை எட்டாத உயரத்தில் தொங்கவிடுவதோ, நஞ்சில்லாத ஸ்பைடர் பிளான்டை வளர்ப்பதோ நல்லது.

இருண்ட மூலையில் பசுமை இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஒரே வகையில் இரண்டு செடிகள் வாங்கி, ஒன்று மூலையில் இருக்கும்போது மற்றது ஜன்னலோரத்தில் இருக்குமாறு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றி வைக்கலாம். இனி இத்தகைய கட்டுரைகளில் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தச் செடி ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வளர்கிறது என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்