அந்தப் படத்தில் ஒரு முகம்கூட இல்லை

இராயபுரம், சென்னை.

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட பிறகு உன் அம்மாவும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை என்பதால் எழுதுகிறேன். கூடைப்பந்துப் போட்டியில் இடைவேளையின்போது அணிக்கு உற்சாகமூட்டச் சியர் லீடிங் ஆடிய பெண்களைப் பேரன் உன் கைப்பேசியில் படம் எடுத்ததையும், அதில் இடுப்பும் கால்களும் இருந்தனவே தவிர ஒரு முகம்கூட இல்லாததையும், இனிக் குடும்பத்தோடு அந்த அரங்கத்துக்குப் போவதே இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டதையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ பிள்ளையைத் திட்டாமல் இருந்தது நல்லது. எட்டு வயதில் அவனுக்கு வேறு எண்ணம் ஏது? தொலைக்காட்சியிலும் அரங்கத்துப் பெரிய திரையிலும் எப்படிக் காட்டுகிறார்களோ, அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறான்.

குடும்பத்தோடு பார்க்க முடியாத அளவுக்கு அதில் கவர்ச்சி மிகுந்துவிட்டதா என்று கேட்டாய். மிகுந்துதான் இருக்கிறது. அதை நான் மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்கு அந்தப் பெண்களைப் பொறுப்பாக்கினால் நாம் தவறான இடத்தில் கோபப்படுகிறோம் என்று உறுதியாக நம்புகிறேன்.

2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபோது, கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் உன்னைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போனேனே, நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது பதினைந்து வயது. எல்லைக் கோட்டுக்கு வெளியே சிறு மேடையில் வெளிநாட்டுப் பெண்கள் ஆடினார்கள். நமக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் அவர்களைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்கச் சகியாமல், உன்னை எழுப்பி எனக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். நீயோ அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல், "அப்பா, அந்த அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துபோச்சு, யாராவது நிழல்ல உட்காரச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டாய். அத்தனை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்தவள் நீ ஒருத்திதானோ என்று பின்னால் பலமுறை எண்ணியிருக்கிறேன். அன்று உன்னை இடம் மாற்றி உட்கார வைத்தேனே தவிர, பின்னால் இருந்தவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஒரு நடனம் என்றால் தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்று இருக்க வேண்டும். அங்கே பந்து எல்லையைத் தாண்டியதும் ஆடத் தொடங்கி, பந்துவீச்சாளர் திரும்பி வந்து ஓடத் தயாராவதற்குள் முடித்துவிட வேண்டும். கேமரா அந்தச் சில நொடிகளிலும் பாதியைத்தான் காட்டும், அதுவும் உடலின் ஒரு பகுதியை மட்டும். ஆட்டத்தையே பார்க்க விடாமல் செய்துவிட்டால் பார்ப்பவனுக்கு மிஞ்சுவது உடல் மட்டுமே. சியர் லீடிங் என்ற இந்தக் கலை தொடங்கியபோது இப்படி இருக்கவில்லை. 1898-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கூட்டத்தை எழுப்பிக் கோஷம் போட வைத்தவர் ஓர் ஆண் மாணவர். பெண்கள் சேர்ந்தது 1920-களில்தான். 1972-இல் டாலஸ் நகரின் அமெரிக்கக் கால்பந்து அணி தன் குழுவைக் கவர்ச்சியான உடையில் தொழில்முறை நடனக்காரிகளின் குழுவாக மாற்றியமைத்தது. அது வெற்றி பெற்றதும் மற்ற அணிகளும் அதே வழியில் போயின. கூட்டத்தைச் சேர்த்து ஆரவாரம் செய்ய வைக்கும் வேலை, கூட்டம் பார்ப்பதற்காக நிற்கும் வேலையாக மாறியது முதலாளிகளின் முடிவால்தான்.

இதை நான் தொலைவில் நின்று சொல்லவில்லை. நம் தெருக் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் கூழ் ஊற்றிய இரவு ஆடல் பாடல் நிகழ்ச்சி வைப்போமே, அந்தக் குழுவில் நானும் ஆறு ஆண்டுகள் இருந்தேன். எந்தப் பாட்டு, எப்படிப்பட்ட உடை என்பதை ஏஜென்டிடம் பேசி முடித்தவர்கள் நாங்கள். பத்து மணிக்கு மேல் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனபோது, "இந்தப் பொம்பளைங்களே இப்படித்தான்" என்று சொன்னவர்களும் நாங்களே. ஒரு வருடம் ஆட வந்த பெண் உடை மாற்ற நம் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கைக்குழந்தையை உன் அம்மா மடியில் போட்டுத் தூங்க வைத்தாள். அடுத்த ஆண்டு நான் குழுவில் இருந்து விலகிக்கொண்டேன். விலகியது போதாது, கூட்டத்தில் எழுந்து பேசியிருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் அதே கணக்குத்தான் என்று தெரிகிறது. 2014-இல் ஓக்லண்ட் நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் நடனப் பெண்கள் வழக்குத் தொடுத்தபோது, பயிற்சி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் தங்களுக்கு மணிக்கு 5 டாலர்கூட வரவில்லை என்றார்கள். அணி 12.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதன்பின் 2015-இல் கலிபோர்னியா, இவர்களை ஊழியர்களாகவே நடத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. உடையை எடுத்துக் கொடுப்பவனும் கூலியைக் குறைப்பவனும் ஒருவனாக இருக்கும்போது, அந்த உடைக்காக அவளை எப்படிக் குறை சொல்வது?

மாப்பிள்ளையின் கோபம் நியாயமானது. அவரிடம் நான் அப்படிச் சொன்னதாகவே சொல். ஆனால் போகாமல் இருந்துவிட்டால் அணிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்த அணிக்கு இருவரும் எழுதுங்கள். பெரிய திரையில் எதைக் காட்டுகிறார்கள் என்பதையும், பிள்ளைகள் வரும் பகல் ஆட்டங்களுக்கு என்ன உடை கொடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். 2018-இல் சான் அன்டோனியோ நகரின் கூடைப்பந்து அணி தன் நடனப் பெண்கள் குழுவைக் கலைத்து, ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழுவை அமைத்தது. குடும்பங்களுக்கு அது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பெண்களின் வேலை போயிற்று. அதனால், அவர்களை நிறுத்துங்கள் என்று எழுதாதீர்கள். அவர்களை மரியாதையாக ஆட விடுங்கள் என்று எழுதுங்கள்.

பேரனிடம் அந்தக் காட்சியைக் காட்டி, இதில் இருக்கும் அக்காவை நாளை கடையில் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியுமா என்று மட்டும் கேள். பிறகு அவனைப் பள்ளிப் பிள்ளைகளின் சியர் லீடிங் போட்டி ஒன்றுக்கு அழைத்துப் போ. இரண்டரை நிமிட ஆட்டம், தோள்மேல் தோளாக ஏறி நிற்பது, மேலிருந்து விழும் பிள்ளையைக் கீழே நிற்பவர்கள் கையில் ஏந்துவது எல்லாம் அங்கே முழுதாகப் பார்க்கக் கிடைக்கும். கைப்பேசியை அங்கேயும் அவன் கையிலேயே கொடு. அவன் எடுப்பதை எனக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வை.

அன்புடன்,
அப்பா