இளைத்துவிட்டார் என்று மகிழ்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடுத்தர வயதில் உடல் பருமனும் நீரிழிவும் இருந்தால் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடும். இது பலருக்கும் தெரியும். முதுமையில் கணக்கு மாறுகிறது. முயலாமலே எடை குறைவது, மறதி வெளிப்படச் சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கக்கூடும். நம் வீடுகளிலோ "சீனியைக் குறைச்சாங்க, இளைச்சிட்டாங்க" என்று மகிழ்ந்துவிடுகிறோம். அதுதான் வேதனை.

மாதம் ஒருமுறை, காலையில் சிறுநீர் கழித்தபின், பசியாறுவதற்கு முன், அதே தராசில் எடை பாருங்கள். விரிப்பின் மேல் வைத்தால் எடை தவறும். வெறும் தரையில் வையுங்கள். 60 கிலோ இருந்தவர் 6 முதல் 12 மாதங்களில் காரணமின்றி 3 கிலோ இழந்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருத்துவமனைக்கு) அழைத்துச் செல்லுங்கள். பொருந்தாத பல்செட், மனச்சோர்வு, தைராய்டு, பசியைக் குறைக்கக்கூடிய மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்து, சாப்பிட்டுவிட்டதாக நினைத்துச் சாப்பிடாமல் விடுவது என எதுவும் காரணமாகலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தசை கரைந்து கொழுப்பு கூடினால் தராசு காட்டாது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் தேநீரும் பிஸ்கட்டும் போதாது. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதியோர் நலனில் அக்கறையுள்ள வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்